கிர்ஷ்னரின் அச்சோவியக் கண்காட்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர் (1880–1938) ஜெர்மன் எக்ஸ்பிரஷனிசத்தின் (உள்ளுணர்ச்சியை அழுத்தமாக வெளிப்படுத்தும் கலைப் போக்கு) முதல் வரிசை ஓவியர். அவருடைய வண்ண ஓவியங்களை அறிந்தவர்கள்கூட அச்சோவியங்களின் முன்னால் தயங்கி நிற்பதுண்டு. கருப்பு வெள்ளைத் தாள்கள், மங்கிய விளக்கு, புரியாத சுருக்கெழுத்துகள் கொண்ட விவரச்சீட்டு என்று எல்லாமே அந்நியமாகத் தெரியும். கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கு எழும் கேள்விகளுக்கான விடைகள் இவை.

அச்சு என்றால் நகல்தானே? மூல ஓவியம் எங்கே இருக்கிறது?

சுவரில் மாட்டியிருக்கும் தாள்தான் மூலம். காலண்டரில் வரும் படம், வேறெங்கோ வரைந்து முடித்த ஓவியத்தைப் புகைப்படம் எடுத்து அச்சடித்தது. அச்சோவியம் அப்படியல்ல. ஓவியர் மரக்கட்டையிலோ உலோகத் தகட்டிலோ சுண்ணாம்புக் கல்லிலோ நேரடியாக வேலை செய்கிறார். அங்கே இருப்பது இடவலம் மாறிய வடிவம் மட்டும். மை தடவித் தாளில் பதித்த பிறகே அது படமாகிறது.

கிர்ஷ்னர் விஷயத்தில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டையைச் செதுக்கிவிட்டு, அச்சடிக்கும் வேலையை அச்சகத்திடம் ஒப்படைப்பது அந்தக் காலத்தில் பல ஓவியர்களின் வழக்கம். கிர்ஷ்னரோ பெரும்பாலும் தன் கையாலேயே அச்சிட்டார். ஒவ்வொரு முறையும் மையின் கனத்தையும் அழுத்தத்தையும் தாளையும் மாற்றிப் பார்த்தார். அவருடைய பல படங்களில் பத்துத் தாள்கூடத் தேறாது. இருக்கும் சிலவும் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. இதைப் பிடித்துக்கொண்டால் கண்காட்சியில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஆஷஃபென்பூர்க் நகரில் 1880 மே 6-ஆம் தேதி பிறந்தார். தந்தை காகிதத் தொழில்நுட்பத்தில் வல்லுநர், பேராசிரியர். தாளின் மீது மகனுக்கு இருந்த அக்கறையைப் பார்க்கும்போது இந்தத் தகவல் நினைவுக்கு வராமல் போகாது. டிரெஸ்டனில் கட்டடக்கலை படிக்கையில், 1905 ஜூன் 7 அன்று எரிக் ஹெக்கெல், கார்ல் ஷ்மிட்-ரோட்லுஃப், ஃப்ரிட்ஸ் பிளைல் ஆகிய மூவருடன் சேர்ந்து ‘டி ப்ரூக்க’ என்ற குழுவைத் தொடங்கினார். ‘பாலம்’ என்று பொருள். 1906-இல் குழுவின் கொள்கை அறிக்கையையே அவர் மரத்தில் செதுக்கி அச்சிட்டார்.

ஆதரவாளர்கள் ஆண்டுக்கு 12 மார்க் கொடுத்தால் அச்சோவியத் தொகுப்பு ஒன்று வீட்டுக்கு வரும். 1910-ஆம் ஆண்டின் தொகுப்புக்குள் இருந்த தாள்கள் கிர்ஷ்னருடையவை. விலை குறைந்த அந்தத் தாள்கள் வழியாகத்தான் குழுவின் பெயர் வெளியூர்களில் பரவியது.

1911-இல் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார். 1913-இல் குழு கலைந்தது. 1915-இல் ராணுவப் பயிற்சிக்குப் போன இடத்தில் உடலும் மனமும் குலைந்து, பல சிகிச்சை நிலையங்களில் இருந்துவிட்டு 1917-இல் சுவிட்சர்லாந்தின் டாவோஸுக்குப் போனார். கடைசிவரை அங்கேதான் வாழ்ந்தார். மரச்செதுக்கு, எட்சிங் (உலோகத் தகட்டில் செய்வது), லித்தோ (சுண்ணாம்புக் கல்லில் செய்வது) மூன்றும் சேர்த்து அவர் செய்த அச்சோவியங்கள் 2000-க்கும் மேல்.

எது மரச்செதுக்கு, எது எட்சிங், எது லித்தோ? சீட்டைப் பார்க்காமல் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். பத்துத் தாள்களை உற்றுப் பார்த்தால் கண் பழகிவிடும்.

மரச்செதுக்கில் வெள்ளைதான் செதுக்கிய இடம். செதுக்காமல் விட்டது கருப்பாகப் பதிகிறது. ஆகவே கருப்புக் கோடு பேனாக் கோடுபோல் வழுவழுப்பாக இராது. இருபுறமும் உளி வெட்டி விட்ட மிச்சம் என்பதால் முனைகள் கூராகவும் கோணலாகவும் நிற்கும். பரந்த கருப்புப் பரப்பில் மரத்தின் ரேகை ஓடுவதையும் பார்க்கலாம். வெள்ளைப் பகுதியில் அங்கங்கே சிறு கருப்புக் கீறல்கள் தெரிந்தால், அவை உளி முழுதும் அள்ளாமல் விட்ட மேடுகள். கிர்ஷ்னர் அவற்றைச் சுத்தம் செய்யாமல் படத்தின் பகுதியாகவே விட்டுவைப்பார். 1914-இல் பெர்லினின் போட்ஸ்டாமர் பிளாட்ஸ் தெருப் பெண்களைச் செதுக்கிய தாளில், உடைகளின் கூர்முனைகள் எல்லாம் உளியின் கூர்முனைகள்தான்.

எட்சிங்கில் கதை தலைகீழ். அமிலம் அரித்துத் தகட்டில் பள்ளமாக்கிய கோட்டில் மை தங்குகிறது. இரண்டு உருளைகளுக்கு நடுவே கடும் அழுத்தத்தில் தாள் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி மையை உறிஞ்சி எடுக்கிறது. படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு தாளில் அமுங்கி ஒரு சட்டம்போல் தெரியும். சற்றுப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் விளக்கொளியில் அது தெளிவாகும். கோடு மெல்லியதாக, தாளைவிடத் துளி உயர்ந்து நிற்கும். அமிலம் இல்லாமல் ஊசியால் நேரே கீறுவது டிரைபாயின்ட். கீறும்போது ஓரத்தில் எழும் உலோகச் சிலும்பிலும் மை பிடிப்பதால் கோட்டுக்கு வெல்வெட் போன்ற நிழல் சேரும். அழுத்தத்தில் சிலும்பு சீக்கிரம் நசுங்கிவிடும். சில பத்துத் தாள்களுக்குள் அந்த மென்மை போய்விடும். டிரைபாயின்டில் முதல் சில தாள்களுக்கு மதிப்பு கூடுதலாக இருப்பதன் காரணம் இது.

லித்தோவில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எண்ணெய்ப் பசையும் நீரும் ஒட்டாது என்ற ஒரே விதியில் எல்லாம் நடக்கிறது. கிரேயான் தீற்றலும் தூரிகைக் கழுவலும் தாளில் வரைந்ததுபோலவே தெரிந்து, அமுங்கிய சட்டம் ஏதும் இல்லாவிட்டால் அது பெரும்பாலும் லித்தோ.

லித்தோக்கள் ஏன் மஞ்சள் தாளில், கறை படிந்ததுபோல் இருக்கின்றன?

இரண்டு வேறு காரணங்கள். மஞ்சள் அவர் தேர்ந்தெடுத்த தாளின் நிறம். விலை குறைந்த வண்ணத்தாள். வயதாகிப் பழுத்த வெள்ளைத்தாள் என்று நினைத்துவிட வேண்டாம். கருப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஏற்படும் மோதல் அவருக்கு வேண்டியிருந்தது.

கறைபோல் தெரிவது அவருடைய செய்முறையின் விளைவு. முறையாகப் பயின்ற லித்தோ அச்சர் கல்லைத் துப்புரவாக வைத்திருப்பார்; வெள்ளை வெள்ளையாகவே வரும். கிர்ஷ்னர் கல்லை நனைக்கும் நீரில் டர்பன்டைன் சேர்த்தார். எண்ணெய்ப் பசை கரைந்து பரவி, சாம்பல் நிற மூட்டங்களும் குமிழ்போன்ற புள்ளிகளும் உண்டாயின. அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்த பையன் இப்படிச் செய்தால் முதல் நாளே திட்டு வாங்குவான். அந்த மூட்டத்திலிருந்துதான் முகங்களின் பதற்றமும் சர்க்கஸ் மேடையின் புகைமண்டலமும் வருகின்றன. இப்படிக் கல்லைப் படுத்தினால் நிறையத் தாள் எடுக்க முடியாது. சிலவற்றை அச்சிட்டுக்கொண்டு, கல்லைத் தேய்த்து அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

ஒரே படத்தை ஏன் இரண்டு, மூன்று முறை மாட்டியிருக்கிறார்கள்?

கண்காட்சியில் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் அதுதான். 1919-இல் டாவோஸில் செய்த ‘குளிர்கால நிலவிரவு’ வண்ண மரச்செதுக்கு நல்ல உதாரணம். மலையும் மரங்களும் நிலவும் அதே கட்டைகளிலிருந்து வருபவைதான். ஆனால் ஒரு தாளில் முன்னால் வரும் நிறம் மற்றொன்றில் பின்வாங்கி நிற்கிறது. நேரமும் குளிரும் மாறிவிட்டதுபோல் இருக்கும்.

ஒப்பிடும்போது முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: மாறியிருப்பது கட்டையா, மையா? ஒரு தாளில் இருந்த கருப்புக் கோடு மற்றதில் இல்லையென்றால் கட்டையை மறுபடி செதுக்கியிருக்கிறார். விவரச்சீட்டில் இதை ‘முதல் நிலை’, ‘இரண்டாம் நிலை’ என்று குறிப்பார்கள். மரத்தில் வெட்டியதைத் திரும்ப ஒட்டவைப்பது கடினம் என்பதால் கருப்பு அதிகமுள்ள தாள் அநேகமாக முந்தையது. கோடுகள் எல்லாம் அப்படியே இருந்து, கனமும் நிறமும் மட்டும் வேறென்றால் அது ஒரே நிலையின் இரு வேறு பதிவுகள்.

வண்ண மரச்செதுக்கை எப்படிச் செய்தார்?

வழக்கமான முறையில் நிறத்துக்கு ஒரு கட்டை. மூன்று நிறமென்றால் மூன்று கட்டைகள், தாளை மூன்று முறை அதே இடத்தில் பொருத்திப் பதிக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கீற்று விழும், அல்லது ஒரு நிறம் இன்னொன்றின் மேல் ஏறும்.

கிர்ஷ்னர் இந்த முறையோடு நிற்கவில்லை. கட்டையை ரம்பத்தால் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றுக்கும் தனி நிறம் பூசி, திரும்பச் சேர்த்து ஒரே அழுத்தில் பதிப்பதும் உண்டு. அப்படிப்பட்ட தாளில் நிறங்களுக்கு நடுவே மெல்லிய வெள்ளை இடைவெளி ஓடும். ஒரே கட்டையின் மேல் பல நிறங்களைத் தூரிகையால் தடவிப் பதிப்பதும் உண்டு. தூரிகையால் தடவியதை இரண்டாம் முறை அச்சு அசலாகத் திரும்பச் செய்ய முடியாது.

1915-இன் ‘பீட்டர் ஷ்லெமீல்’ வரிசையைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அடெல்பர்ட் ஃபான் ஷமிஸ்ஸோ 1814-இல் வெளியிட்ட கதையில் ஒருவன் தன் நிழலை விற்றுவிடுகிறான். நிழலற்றவனை ஊர் ஏற்க மறுக்கிறது. படையிலிருந்து உடைந்து திரும்பிய கிர்ஷ்னர் அந்தக் கதையில் தன்னைக் கண்டார். சிவப்பு நிறம் கோட்டைத் தாண்டி வழிந்து, நீலத்தை முட்டிக்கொண்டு நிற்கிறது. இந்தத் தாள்களை அச்சு நுட்பத்தின் உச்சமென்று சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை. முழுத் தொகுதி மிக அரிது. தனித்தனித் தாள்களாகத்தான் பெரும்பாலும் காட்டுவார்கள்.

12/50 போன்ற எண்ணைக் காணோமே? தாளில் பென்சிலால் எழுதியிருப்பது என்ன?

மொத்தம் 50 தாள், இது 12-ஆவது என்று எண்ணிடும் வழக்கத்தைக் கிர்ஷ்னர் பெரும்பாலும் பின்பற்றவில்லை. திட்டமிட்ட பதிப்பே இல்லாதபோது எண் எதற்கு? கையெழுத்துடன் ‘ஹான்ட்ட்ருக்’ என்றிருந்தால் கையால் அச்சிட்டது. ‘ஐகன்ட்ருக்’ என்றால் தானே அச்சிட்டது. ‘ப்ரோபெட்ருக்’ என்றால் சோதனைப் பதிவு.

கையெழுத்தே இல்லாத தாள்களும் பல உண்டு. அவற்றின் பின்பக்கத்தில் ‘நாஹ்லாஸ்’ முத்திரை இருக்கலாம். அவர் விட்டுச்சென்ற படைப்புகள் பாசெல் நகரில் இருந்தபோது இட்ட முத்திரை அது. கூடவே ஓர் எழுத்தும் எண்ணும்: H என்ற ரோமன் எழுத்து மரச்செதுக்கு, R எட்சிங், L லித்தோ. சட்டத்துக்குள் இருப்பதால் உங்களால் பார்க்க முடியாது. சீட்டிலோ கண்காட்சி நூலிலோ குறித்திருப்பார்கள்.

டூபே, கெர்க்கென், ஷீஃப்லர் என்ற பெயர்களுடன் வரும் எண்கள் முழுப் பட்டியல் நூல்களின் எண்கள். குஸ்டாவ் ஷீஃப்லரின் பட்டியல் ஓவியர் உயிரோடிருந்தபோதே வந்தது. டூபே தம்பதியின் நூல் 1967. குந்தர் கெர்க்கெனின் புதிய பட்டியல் 2013 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்தது.

சீட்டில் இருக்கும் ஆண்டும் தாளில் எழுதிய ஆண்டும் ஏன் வேறுபடுகின்றன?

கிர்ஷ்னர் தன் படைப்புகள் சிலவற்றுக்கு உண்மையைவிட முந்தைய ஆண்டைப் போட்டார். யாருடைய பாதிப்பும் இல்லாமல், எவருக்கும் முன்னால் தான் செய்ததாகத் தெரிய வேண்டுமென்ற தவிப்பு அவருக்கு இருந்தது. லூயி தெ மார்சால் என்ற பிரெஞ்சுப் பெயரில், வேறொரு விமர்சகர் எழுதுவதுபோல், 1921-இல் தன் அச்சோவியங்களைப் பற்றித் தானே ஒரு கட்டுரையும் எழுதினார். ஆகவே ஆய்வாளர்கள் பாணியையும் தாளையும் வைத்து ஆண்டைத் திருத்துகிறார்கள். இரண்டும் முரண்பட்டால் சீட்டை நம்பலாம்.

அறை ஏன் இவ்வளவு இருட்டு?

தாளுக்காக. வெளிச்சம் தாளுக்குச் செய்யும் சேதம் திரும்பாது. விளக்கின் பலமும் எரியும் நேரமும் பெருகிச் சேரும் கணக்கு அது. தாள் படைப்புகளுக்கு அருங்காட்சியகங்கள் வழக்கமாக வைக்கும் வரம்பு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). நாளுக்கு 8 மணி நேரம், 90 நாள் என்றால் 36,000 லக்ஸ்-மணி. 500 லக்ஸ் விழும் ஜன்னலோரச் சுவரில் அதே அளவை ஒன்பதே நாளில் தாள் குடித்துவிடும். மரக்கூழ் கலந்த மலிவான தாளும் வண்ணத்தாளும் இன்னும் பலவீனமானவை. அதனால்தான் மூன்று மாதம் காட்டியதைப் பல ஆண்டுகள் இருட்டில் ஓய்வெடுக்க விடுகிறார்கள். சுற்றுக்குப் போகும் கண்காட்சியில் நடுவே தாள்களை மாற்றுவதும் உண்டு.

வெயிலிலிருந்து நேரே உள்ளே வந்தால் எதுவும் தெரியாது. ஐந்து முதல் பத்து நிமிடம் முன்னறையில் இருந்து விவரப்பலகையைப் படியுங்கள். கண் பழகிய பிறகு 50 லக்ஸ் போதும்.

படம் எடுக்கலாமா? பூதக்கண்ணாடி கொண்டுபோகலாமா?

பிளாஷ் எங்கும் கூடாது. மற்றபடி இரவல் வந்த தாள்களுக்குத் தனி விதி இருக்கும், வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். சிறு பூதக்கண்ணாடி பொதுவாகப் பிரச்சினை இல்லை, ஆனால் சட்டத்தின் கண்ணாடியைத் தொட வேண்டாம். குறிப்பெடுக்கப் பென்சில் மட்டும்; பேனா மை தெறித்தால் துடைக்க முடியாது.

1937-இல் என்ன நடந்தது?

நாஜி அரசு ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய 639 படைப்புகளைப் பறித்தது. ஜூலையில் மியூனிக்கில் திறந்த ‘சீரழிந்த கலை’ கண்காட்சியில் அவற்றில் சிலவற்றைக் கேலிக்காகத் தொங்கவிட்டார்கள். மறு ஆண்டு ஜூன் 15 அன்று டாவோஸுக்கு அருகே அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு முன் தன் மரக்கட்டைகள் பலவற்றை அழித்துவிட்டார். அந்தக் கட்டைகளிலிருந்து இனி ஒரு தாளும் வராது. சீட்டில் அருங்காட்சியகத்தின் பெயருக்குக் கீழே வரும் கைமாறிய வரலாற்றையும் படியுங்கள். 1937 என்ற எண் அங்கே தென்படக்கூடும்.

வீட்டில் ஒரு மரச்செதுக்கு செய்து பார்க்க என்ன வேண்டும்?

6 மி.மீ. பிளைவுட், 15 × 20 செ.மீ. போதும், மேற்பரப்பு மென்மரமாக இருக்கட்டும். V வடிவ உளி ஒன்று, 3–4 மி.மீ. அகல U வடிவ உளி ஒன்று, எண்ணெய் சேர்ந்த கருப்பு அச்சு மை, 6 செ.மீ. ரப்பர் உருளை, மை பரப்ப ஒரு கண்ணாடித் துண்டு, சதுர மீட்டருக்கு 40–60 கிராம் எடையுள்ள மெல்லிய தாள், ஒரு கரண்டி.

முதலில் பலகை முழுக்க நீர்த்த மையைப் பூசிக் காயவிடுங்கள். வெட்டிய இடம் வெளிறித் தெரிவதால் எவ்வளவு வெட்டினோம் என்பது கண்ணுக்குப் புலப்படும். படத்தை இடவலம் மாற்றி வரையுங்கள். எழுத்து இருந்தால் கண்ணாடியில் காட்டிச் சரிபாருங்கள். வெட்டும் ஆழம் ஒன்றரை முதல் 2 மி.மீ. பலகையைப் பிடிக்கும் கை எப்போதும் உளியின் பின்னால் இருக்க வேண்டும்.

அரைத் தேக்கரண்டி மையைக் கண்ணாடியில் உருட்டுங்கள். மெல்லிய ‘சர்ர்’ ஓசை வந்தால் பதம் சரி. சொதசொதவென்ற சத்தம் வந்தால் மை அதிகம். ஒரே தடவையில் அப்பாமல் மூன்று நான்கு மெல்லிய பூச்சாகக் கட்டையில் ஏற்றுங்கள். தாளை வைத்து, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து, ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். வெளிறிய இடத்தில் மறுபடி தேய்க்கலாம். எடுத்த தாள் காய இரண்டு மூன்று நாளாகும்.

கெடுவது வழக்கமாக இப்படி: மெல்லிய வெள்ளைக் கோடுகள் அடைபட்டால் மை மிகுதி, அல்லது வெட்டு ஆழமில்லை. ஒரு பக்கம் மட்டும் சாம்பலாகப் பதிந்தால் பலகை வளைந்திருக்கிறது. கோடு இரட்டையாகத் தெரிந்தால் தேய்க்கும்போது தாள் நகர்ந்திருக்கிறது. ஓரம் பிய்ந்து பிசிறாக வந்தால் உளி மழுங்கியது, அல்லது ரேகைக்குக் குறுக்கே வேகமாகத் தள்ளியிருக்கிறீர்கள். நீரில் கரையும் மை தேய்த்து முடிப்பதற்குள் உலர்ந்துவிடும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

பழைய கடையில் கிர்ஷ்னர் பெயரில் ஒரு தாள் கிடைத்தது. உண்மையா?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். ஒழுங்கான வரிசையில் சிறு புள்ளிகள் தெரிந்தால் அது புத்தகத்திலிருந்தோ போஸ்டரிலிருந்தோ வந்த அச்சு. புள்ளி இல்லாததால் மட்டும் உண்மையாகிவிடாது. பின்பக்கம் மரக்கட்டையின் அழுத்தத் தடம், தாளின் வயது, முத்திரை, பட்டியல் எண் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். எதையும் துடைக்கவோ டேப் ஒட்டவோ வேண்டாம். அமிலமற்ற இரு அட்டைகளுக்கு நடுவே வைத்து நிபுணரிடம் கொண்டுபோங்கள்.

கண்காட்சி முடிந்தபின் இந்தத் தாள்களைப் பார்க்க வழி உண்டா?

உண்டு. டாவோஸில் 1992-இல் திறந்த கிர்ஷ்னர் அருங்காட்சியகமும், பெர்லினில் 1967 முதல் இயங்கும் ப்ரூக்க அருங்காட்சியகமும் மாற்றி மாற்றிக் காட்டுகின்றன. பெரிய அச்சோவியக் காப்பகங்களில் படிப்பறை இருக்கும். பெர்லினின் குப்ஃபர்ஷ்டிஷ்கபினெட் அப்படிப்பட்ட ஒன்று. எந்தத் தாள் வேண்டுமென்று பட்டியல் எண்ணுடன் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அங்கே தாள் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்காது, அட்டைச் சட்டத்தில் மேசைமேல் வரும். ஊழியரிடம் கேட்டுக்கொண்டால் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார். கிர்ஷ்னர் எந்த இடத்தில் ஓங்கித் தேய்த்தார் என்பது அங்கே தெரியும்.